மலைநடைப் பனிச்சறுக்குக் கருவிகளின் மறுவிற்பனை

மலைநடைப் பனிச்சறுக்குக் கருவிகளின் மறுவிற்பனை என்பது, மலைநடைப் பனிச்சறுக்கில் முன்னரே பயன்படுத்தப்பட்ட மட்டைகள், பிணைப்பிகள், காலணிகள், ஏறுதோல்கள், மீட்புக் கருவிகள் முதலியவற்றைத் தனியாட்களும் கடைகளும் வாங்கி விற்கும் வணிகம் ஆகும். ஆல்ப்ஸ் மலைத்தொடரை ஒட்டிய நாடுகளிலும் வட அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளிலும் இவ்வணிகம் பரவலாக நடைபெறுகிறது. புதிய கருவிகள் விலை மிகுந்தவை. எனவே விளையாட்டில் புதிதாக நுழைவோர் பலரும் பழைய கருவிகளையே முதலில் வாங்குகின்றனர்.

இலகு ரகக் கருவிகள் எடையைக் குறைக்கும் நோக்குடன் மெல்லியனவாக வடிவமைக்கப்படுகின்றன. இதனால் அவற்றில் ஏற்பட்ட தேய்மானமும் பழுதும் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு பொருள் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவர் காண்பது அதன் மேற்பரப்பை மட்டுமே. இந்த இடைவெளியே இவ்வணிகத்தின் முதன்மையான சிக்கலாகும். ஆள்நடமாட்டம் அற்ற மலைச்சரிவில் கருவி செயலிழந்தால் உயிரிழப்பு நேரக்கூடும் என்பதால், இது வெறும் பண இழப்போடு முடியும் சிக்கல் அன்று.

பின்னணி

மலைநடைப் பனிச்சறுக்கு என்பது, கம்பிவட ஊர்திகளின் உதவியின்றிப் பனிமலையில் தன் காலால் ஏறி, பின்னர் சறுக்கி இறங்கும் விளையாட்டு ஆகும். இது ஸ்கி டூரிங் எனவும் வழங்கப்படுகிறது. சாதாரண பனிச்சறுக்கிலிருந்து இது கருவிகளின் அமைப்பால் வேறுபடுகிறது. இதற்குத் தேவையான முதன்மைக் கருவிகள் பின்வருமாறு:

- மட்டை: காலில் மாட்டிச் சறுக்கும் நீண்ட பலகை. மலைநடைக்கு உரியவற்றில் எடை குறைந்த மரமும் கரிம இழையும் மிகுதியாகப் பயன்படுகின்றன.
- பிணைப்பி: காலணியை மட்டையுடன் இணைக்கும் பொறியமைப்பு. ஏறும்போது குதிகால் உயர இடமளிக்கும். இறங்கும்போது குதிகாலைப் பூட்டும். விழும்போது காலணியை விடுவிக்கும்.
- காலணி: ஏறும்போது கணுக்கால் மடங்கவும், இறங்கும்போது விறைப்பாக நிற்கவும் இரு நிலைகள் கொண்ட நெகிழிக் காலணி.
- ஏறுதோல்: மட்டையின் அடியில் ஒட்டப்படும் மயிர்ப் பட்டை. முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிச் சறுக்காது. முற்காலத்தில் கடல்நாய்த் தோல் பயன்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. தற்போது மோகேர் ஆட்டு மயிர், நைலான் அல்லது இரண்டின் கலவை பயன்படுகிறது.
- மீட்புக் கருவிகள்: பனிச்சரிவில் புதையுண்டவரைத் தேட உதவும் அலைபரப்பி, துளைகோல், மண்வாரி ஆகியன.

எடையின் முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 12 பாகை சாய்வுள்ள தடத்தில், ஓர் எட்டு 65 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒவ்வோர் எட்டிலும் ஏறத்தாழ 13.5 சென்டிமீட்டர் உயரம் ஏறலாம். அவ்வாறாயின் 1000 மீட்டர் ஏற 7000-க்கும் மேற்பட்ட எட்டுகள் தேவை. ஒவ்வோர் எட்டிலும் மட்டை, பிணைப்பி, காலணி மூன்றையும் முன்னோக்கி இழுத்தாக வேண்டும். சட்டக வகைப் பிணைப்பியுடன் கூடிய பழைய தொகுதி ஒரு காலுக்கு 4.5 கிலோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். இக்கால இலகு ரகத் தொகுதி 3 கிலோகிராமுக்கும் குறைவாக அமைகிறது. இந்த வேறுபாட்டிற்காகவே வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கின்றனர்.

வரலாறு

1980களின் தொடக்கம் வரை மலைநடைக்குப் பயன்பட்ட பிணைப்பிகளில், காலணியைத் தாங்கும் சட்டம் முழுவதும் குதிகாலுடன் சேர்ந்து உயர்ந்தது. ஒவ்வோர் எட்டிலும் பிணைப்பியின் பெரும்பகுதி எடையையும் தூக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவின் தீரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் இதற்கு மாற்றாக, 1980களின் முதற்பாதியில் ஒரு புதிய அமைப்பை உருவாக்கினார். காலணியின் நுனியில் இருபுறமும் பதிக்கப்பட்ட உலோகக் குழிகளை இரண்டு முளைகள் கவ்விப் பிடிக்கும்; குதிகாலை மற்றோர் இணை முளைகள் பிடிக்கும். காலணியின் விறைப்பான அடிப்பகுதியே சட்டத்தின் பணியைச் செய்வதால் தனிச் சட்டம் தேவைப்படவில்லை. டைனாஃபிட் நிறுவனம் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை முளைப் பிணைப்பி எனவும் டெக் பைண்டிங் எனவும் வழங்கப்படுகிறது.

இதன் காப்புரிமைக் காலம் 2000களில் முடிவுற்ற பின்னர், வேறு பல நிறுவனங்களும் முளைப் பிணைப்பிகளைத் தயாரிக்கத் தொடங்கின. புதிய மாதிரிகள் ஆண்டுதோறும் வெளிவந்தமையால், சில ஆண்டுகளே பயன்பட்ட பழைய மாதிரிகள் மறுவிற்பனைக்கு வரலாயின.

2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்றால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனிச்சறுக்கு மையங்கள் மூடப்பட்டன. ஊர்திகள் இயங்காத நிலையில் பலர் மலைநடைப் பனிச்சறுக்குக்கு மாறினர். 2020–21 பருவத்தில் புதிய கருவிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பழைய கருவிகளுக்கான தேவை உயர்ந்தது. 2021 சூலையில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, பனிச்சறுக்கு மலையேற்றத்தை 2026 மிலான்–கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவு செய்தது.

சந்தையின் அமைப்பு

வட அரைக்கோளத்தில் இவ்வணிகம் பருவத்தைச் சார்ந்தது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கடைகள் தங்கள் வாடகைக் கருவிகளையும் செய்முறைக் கருவிகளையும் கழித்து விற்கின்றன. கோடையில் தேவை குறைவதால் விலையும் குறைகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் முதற்பனி விழும்போது தேவையும் விலையும் மீண்டும் உயர்கின்றன. விற்பனை பெரும்பாலும் பின்வரும் வழிகளில் நடைபெறுகிறது:

- இலையுதிர்காலச் சந்தைகள்: ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை ஸ்கி ஸ்வாப் எனவும், செருமன் மொழி பேசும் நாடுகளில் ஸ்கிபசார் எனவும், பிரான்சில் பூர்ஸ் ஓ ஸ்கி எனவும் அழைக்கப்படுகின்றன. பனிச்சறுக்குக் கழகங்கள், பள்ளிகள், தன்னார்வ மீட்புக் குழுக்கள் ஆகியன இவற்றை நடத்துகின்றன. விற்பவர் பொருளை ஒப்படைத்து விலை குறித்துச் செல்வார். விற்றபின் அமைப்பாளர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை வழங்குவார். அப்பங்கு பெரும்பாலும் இளையோர் பயிற்சிக்கோ மீட்புப் பணிக்கோ செலவிடப்படுகிறது.
- ஒப்படைப்புக் கடைகள்: மலை நகரங்களில் ஆண்டு முழுவதும் பழைய கருவிகளை விற்கும் கடைகள் உள்ளன. இங்கு விலை சற்று மிகுதி. ஆயினும் பொருளைத் தொட்டுப் பார்க்கவும் காலணியை அணிந்து பார்க்கவும் இயலும்.
- இணைய வரிவிளம்பரங்கள்: ஆஸ்திரியாவில் வில்ஹாபன், பிரான்சில் லெபோங்குவாங், சுவிட்சர்லாந்தில் ரிக்கார்டோ, நோர்வேயில் ஃபின், வட அமெரிக்காவில் கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்களில் தனியாட்கள் நேரடியாக விற்கின்றனர்.

மலை வழிகாட்டிகளும் மீட்புப் பணியாளர்களும் தொழில்முறைத் தள்ளுபடியில் கருவி வாங்குவது வழக்கம். அவற்றை மறுவிற்பனை செய்வதைத் தள்ளுபடி வழங்கும் நிறுவனங்கள் பலவும் தம் விதிகளில் கட்டுப்படுத்தியுள்ளன.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை எவ்வாறு இயங்கும் என்பதை, பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஆய்வுரையில் பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்ல பொருளையும் பழுதான பொருளையும் வேறுபடுத்த இயலாதபோது, வாங்குவோர் இரண்டிற்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவர். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் வைத்திருப்போர் சந்தையை விட்டு விலகுவர், பழுதானவையே எஞ்சும். இவ்வாய்வுத் துறைக்கான பங்களிப்பிற்காக அவருக்கு 2001-இல் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பனிச்சறுக்குக் கருவிச் சந்தையில் விரிவான ஒளிப்படங்கள், துளைகளின் எண்ணிக்கை, பயன்படுத்திய நாள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை விற்பவர் தாமே வெளியிடும் வழக்கம் இச்சிக்கலைக் குறைக்கிறது.

கருவிகளை மதிப்பிடுதல்

மட்டை

மட்டையின் அடிப்பரப்பில் காணப்படும் சிறு கீறல்கள் பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. அவற்றை மெழுகாலும் பாலிஎத்திலீன் நிரப்பியாலும் சரிசெய்யலாம். உள்ளிருக்கும் மரம் தெரியுமளவு ஆழமான வெட்டு, விளிம்பு உலோகத்தை ஒட்டிய வெடிப்பு, அடுக்குகள் பிரிந்த இடம் ஆகியன கவனிக்கத்தக்கவை. இவற்றின் வழியே நீர் உட்புகுந்து மரத்தைச் சிதைக்கும். இரு மட்டைகளையும் அடியோடு அடி சேர்த்துப் பார்த்தால் முறுக்கமும் வளைவு இழப்பும் தெரியும். விளிம்பு உலோகம் பலமுறை தீட்டப்பட்டிருப்பின் அதன் தடிமன் குறைந்திருக்கும். மேலும் தீட்ட இடமிராது.

மட்டையின் மதிப்பைப் பெரிதும் பாதிப்பவை பிணைப்பிக்காக இடப்பட்ட துளைகள் ஆகும். திருகாணி ஏறும் பகுதி மட்டுமே வலுவூட்டப்பட்டிருக்கும். புதிய துளைக்கும் பழைய துளைக்கும் இடையே, மையத்திலிருந்து மையம் வரை, 10 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுவது பொதுவான நடைமுறை. துளையிட வேண்டிய விட்டம் பெரும்பாலும் மட்டையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3.5 அல்லது 3.6 மில்லிமீட்டரும், உலோகத் தகடு கொண்டவற்றுக்கு 4.1 மில்லிமீட்டரும் பரவலாக வழங்கும் அளவுகளாகும். பழைய துளைகள் பிசினாலும் அடைப்பானாலும் மூடப்பட்டிருக்க வேண்டும். திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்த துளை இருப்பின், அதனைச் சுற்றிய மேற்பரப்பு சற்று உப்பியிருக்கும். அதன்மேல் ஒட்டுப்படம் ஒட்டி மறைப்பதும் உண்டு என்பதால், பிணைப்பிப் பகுதியில் ஒட்டுப்படம் இருந்தால் விசாரிப்பது நலம்.

பிணைப்பி

முளைப் பிணைப்பியில் முதலில் பார்க்க வேண்டியவை முளைகளே. அவை பளபளப்பாகத் தேய்ந்து மெலிந்திருந்தால் காலணி ஆடும். எதிர்பாராத வேளையில் கழன்றுவிடவும் கூடும். முன்பகுதியின் கவ்விகள் இருபுறமும் ஒரே நேரத்தில் மூடவேண்டும். பின்பகுதி தன் அச்சில் சுழன்று, தானே நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். முன்பூட்டு நெம்புகோல் வெடிப்பின்றி இருக்கவேண்டும். மிக இலகுவான மாதிரிகளில் நெகிழிப் பகுதிகள் முதலில் வெடிக்கக்கூடும்.

விடுவிப்பு அளவு என்பது, எவ்வளவு விசை ஏற்பட்டால் பிணைப்பி காலணியை விடவேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். சறுக்குபவரின் எடை, உயரம், அகவை, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு, ஐஎஸ்ஓ 11088 சீர்தரத்தில் உள்ள அட்டவணைப்படி இது தெரிவு செய்யப்படுகிறது. எனவே விற்பவர் வைத்திருந்த அளவு வாங்குபவருக்குப் பொருந்தாது. மேலும் அளவுகோலில் காட்டும் எண், பழைய சுருள்வில்லின் உண்மையான விசையோடு ஒத்திராமல் போகலாம். கடைகளில் உள்ள சோதனைக் கருவியால் இதனை அளந்து பார்க்கலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் தாம் பொறுப்பேற்கும் பிணைப்பி மாதிரிகளின் பட்டியலை வெளியிடுகின்றனர். அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பழைய மாதிரிகளைச் சரிசெய்தால், விபத்து நேரும்போது கடை வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். எனவே கடைகள் பலவும் அவற்றைத் தொட மறுக்கின்றன. குறைந்த விலையில் கிடைத்த பழைய பிணைப்பியைப் பொருத்துவதற்கு ஆளில்லாமல் போகும் நிலை இதனால் ஏற்படுகிறது. மலைநடைப் பிணைப்பிகளுக்கென ஐஎஸ்ஓ 13992 என்ற சீர்தரம் உள்ளது. ஆயினும் மிக இலகு மாதிரிகள் பல இச்சான்று பெறாதவை.

காலணி

காலணியின் அளவு மாண்டோபாயிண்ட் முறையில், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் கொண்டு குறிக்கப்படுகிறது. பெரும்பாலான தயாரிப்புகளில் முழு அளவும் அதனையடுத்த அரை அளவும் ஒரே வெளிக்கூட்டைக் கொண்டவை. உள்ளுறையை எடுத்துவிட்டு, வெறும் கூட்டில் பாதத்தை வைத்து, விரல்கள் முன்னே தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னே 10 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். உள்ளுறை நாளடைவில் அமுங்கித் தளர்வதால், பழைய காலணியை உள்ளுறையுடன் மட்டும் அணிந்து பார்ப்பது தவறான முடிவைத் தரும். வெப்பத்தால் வடிவமைக்கத்தக்க உள்ளுறைகளைச் சிலமுறை மீண்டும் வடிவமைக்கலாம். தேவையெனில் புதிது வாங்கியும் இடலாம்.

நுனியிலுள்ள உலோகக் குழிகளின் ஓரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அக்காலணியைத் தவிர்க்க வேண்டும். குழிகள் கூட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. அவற்றை மாற்ற இயலாது. குதிகால் உலோகத் துண்டு திருகாணியால் பொருத்தப்பட்டிருப்பின் மாற்றலாம். கணுக்கால் மூட்டின் தறைகளில் ஆட்டம், நடை–சறுக்கு நிலைமாற்றியின் தளர்வு, கொக்கிகளின் உடைவு ஆகியனவும் பார்க்கப்படவேண்டும். வெயிலும் குளிரும் பட்ட பழைய நெகிழி நொறுங்கும் தன்மை அடையலாம். எனவே அடிப்பாகம் தேயாத, ஆனால் பல்லாண்டுகள் கிடந்த காலணியைப் புதியதாகக் கருதலாகாது.

ஏறுதோல்

ஏறுதோல் குறிப்பிட்ட மட்டையின் வடிவுக்கு ஏற்ப வெட்டப்படுவதால், பெரும்பாலும் மட்டையோடு சேர்த்தே விற்கப்படுகிறது. அகலமான தோலைக் குறுகிய மட்டைக்கு வெட்டிக்கொள்ளலாம். குறுகிய தோலை அகலமான மட்டைக்குப் பயன்படுத்தினால் பிடிப்பு குறையும். பிசின் மட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதன் ஆயுள் முடிந்தது எனலாம். பழைய பிசினை அகற்றிப் புதிது பூசுவது கைவேலையாகச் செய்யத்தக்கது. மயிர் உதிர்ந்து துணி தெரிந்தால் அதற்கு மாற்று இல்லை.

உயிர்காப்புக் கருவிகள்

பனிச்சரிவில் முழுவதும் புதையுண்டவரின் உயிர் பெரும்பாலும் மூச்சுத்திணறலாலேயே பிரிகிறது. சுவிட்சர்லாந்தின் தரவுகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, 10 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோரில் 10-இல் 9 பேருக்கு மேல் பிழைத்ததாகவும், 10 முதல் 30 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே பிழைத்ததாகவும் காட்டியது. எனவே உடன் வந்தோரே தேடி மீட்டாக வேண்டும். அலைபரப்பி வேலை செய்யாவிடில் மற்ற கருவிகளால் பயனில்லை.

அலைபரப்பியின் முதல் வடிவத்தை ஜான் லாட்டன் 1968-இல் உருவாக்கினார். அது 2.275 கிலோஏர்ட்சு அலையெண்ணில் இயங்கியது. பின்னர் 457 கிலோஏர்ட்சு பன்னாட்டு அளவாக ஏற்கப்பட்டது; பன்னாட்டு மலை மீட்பு ஆணையம் 1986-இல் இதனை ஏற்றது. 1997-இல் எண்முறைக் கருவி அறிமுகமானது. இக்காலக் கருவிகள் மூன்று அலைவாங்கிகள் கொண்டவை. திசையையும் தொலைவையும் திரையில் காட்டுகின்றன. ஓர் அலைவாங்கி மட்டுமே கொண்ட ஒப்புமைமுறைக் கருவிகள் இயங்கும் நிலையில் இருப்பினும், பயிற்சி குறைந்தவருக்குத் தேடும் நேரத்தை நீட்டிப்பவை. அவற்றின் குறைந்த விலையை ஒரு சலுகையாகக் கருத இயலாது.

பழைய அலைபரப்பியில் மின்கலம் கசிந்து இணைப்புகள் அரித்திருக்கலாம். கீழே விழுந்து அலைவாங்கி உடைந்திருக்கலாம். அலையெண் சற்றே விலகியிருக்கலாம். இவற்றில் முதலாவதை மட்டுமே கண்ணால் காண இயலும். திரை ஒளிர்வதால் மட்டும் கருவி சரியாக இயங்குகிறது என்று கூறமுடியாது. மற்றொரு கருவியோடு வைத்து, அனுப்புதல், தேடுதல் இரண்டையும் வெவ்வேறு தொலைவுகளிலும் திசைகளிலும் சோதிக்க வேண்டும். தயாரிப்பாளரிடம் அனுப்பிப் பரிசோதிப்பதே நம்பத்தக்கது.

தயாரிப்பாளர் திரும்பப் பெற்ற மாதிரிகள் மறுவிற்பனையில் மீண்டும் தலைகாட்டுவது மற்றோர் இடர் ஆகும். 2021 ஏப்ரலில், தற்செயலாக அனுப்பும் நிலையிலிருந்து மாறிவிடக்கூடும் என்ற காரணத்தால், பீப்ஸ் டிஎஸ்பி வரிசையின் சில அலைபரப்பிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானது. அதற்குத் தீர்வாக, கருவியைத் தாங்கும் கடின உறை இலவசமாக வழங்கப்பட்டது. முதல் உரிமையாளர் உறையைப் பெறாமலே கருவியை விற்றிருந்தால், வாங்குபவர் குறையறியாமல் அதனை அணிந்து செல்வார். எனவே மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் தயாரிப்பாளரின் அறிவிப்புகளோடு ஒப்பிடுவது இன்றியமையாதது.

பிற கருவிகள் குறித்த பொதுவான நடைமுறை வருமாறு:

- தலைக்கவசம்: ஒருமுறை அடிபட்டால் உள்ளிருக்கும் நுரை நசுங்கிப் பயனிழக்கும். இது வெளியே தெரியாது என்பதால் பழையது வாங்குவது பரிந்துரைக்கப்படுவதில்லை.
- காற்றுப்பை முதுகுப்பை: வாங்குமுன் ஒருமுறை விரித்துக் காட்டும்படி கேட்கலாம். வளி உருளை நிரம்பியுள்ளதா என்பதை எடை பார்த்து அறியலாம். நிரம்பிய உருளைகள் அழுத்த வளிக்கலன்களாகக் கருதப்படுவதால், அஞ்சலிலும் வானூர்தியிலும் அனுப்புவதற்குத் தனி விதிகள் உள்ளன.
- கயிறு, இடுப்புப்பட்டை: துணியாலானவை பயன்படுத்தாவிடினும் முதுமையடையும். தயாரிப்பாளர்கள் பலர் 10 ஆண்டுகளை உச்ச வரம்பாகக் கூறுகின்றனர்.
- மண்வாரி, துளைகோல், ஊன்றுகோல்: அலுமினிய மண்வாரி வளைவோ வெடிப்போ இன்றி இருந்தால் வாங்கலாம். துளைகோலில் உள்ளிழுப்புக் கம்பியின் தேய்மானம் பார்க்கத்தக்கது.

பொருத்தப்பாடு

தனித்தனியே நல்ல நிலையிலுள்ள கருவிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். பொருத்தப்பாட்டின் அடிப்படை அளவு காலணி அடியின் நீளம் ஆகும். இது மில்லிமீட்டரில் காலணியின் குதிகால் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே பாத அளவுள்ள இரு வேறு காலணிகளிலும் இது வேறுபடும்.

எடுத்துக்காட்டாக, விற்பவரின் காலணி அடி 297 மில்லிமீட்டர், வாங்குபவருடையது 307 மில்லிமீட்டர் எனக் கொள்க. பின்பகுதி 25 மில்லிமீட்டர் நகரும் தடத்தின் நடுவில் இருந்தால், 10 மில்லிமீட்டர் பின்னே நகர்த்திப் பொருத்திவிடலாம். அதே பின்பகுதி தடத்தின் பின் எல்லையில் இருந்தால் இயலாது. நகரும் தடமே இல்லாத பந்தயப் பிணைப்பியாயின் புதிய துளைகள் இடவேண்டும். அவை பழைய துளைகளிலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில், அதாவது ஏற்கத்தக்க எல்லையிலேயே அமையும். ஆகவே விளம்பரத்தில் மட்டையின் நீளத்தைவிட, பிணைப்பி எந்த அடிநீளத்திற்குப் பொருத்தப்பட்டுள்ளது, இன்னும் எவ்வளவு நகரும் என்ற விவரங்களே பயன் மிக்கவை.

முளைப் பிணைப்பிகள் பலவற்றில் காலணியின் குதிகாலுக்கும் பின்பகுதிக்கும் இடையே குறித்த இடைவெளி விடப்படவேண்டும். டைனாஃபிட் ஸ்பீட் மாதிரியில் இது 4 மில்லிமீட்டர். ரேடிக்கல் மாதிரியில் 5.5 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் மட்டை வளையும்போது காலணி பின்பகுதியோடு மோதும்; மிகுந்தால் முளைகள் முழுமையாகப் பற்றா. முளைக் குழிகள் இல்லாத சாதாரண பனிச்சறுக்குக் காலணி முளைப் பிணைப்பியில் மாட்டாது. சில மிக இலகுக் காலணிகளில் முன்விளிம்பு இல்லாமையால், முன்கம்பி கொண்ட கிராம்பான்கள் அவற்றில் நில்லா.

விலை

2020களில் மட்டை, பிணைப்பி, காலணி, ஏறுதோல் ஆகியவற்றைப் புதியனவாக வாங்க ஏறத்தாழ 2000 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு மேலும் செலவாகும். மீட்புக் கருவிகளின் விலை தனி. மறுவிற்பனை விலையை ஆண்டு, பயன்படுத்திய நாள்கள், துளைகளின் எண்ணிக்கை, பருவம் ஆகியன தீர்மானிக்கின்றன. துளையிடாத மட்டை கூடுதல் விலை பெறும். பிணைப்பிகள் பல மட்டைகளுக்கு மாற்றத்தக்கவை ஆதலால் மதிப்பை ஓரளவு தக்கவைக்கின்றன. பிறர் பாதத்திற்கேற்ப வடிவமைக்கப்பட்ட காலணியின் விலை விரைவாகக் குறைகிறது.

விலையைக் கணக்கிடும்போது கூடுதல் செலவுகளையும் சேர்க்கவேண்டும். மீண்டும் பொருத்தும் கூலி, விடுவிப்புச் சோதனை, புதிய உள்ளுறை, புதிய ஏறுதோல் ஆகியவற்றைக் கூட்டினால், குறைந்த விலையில் கிடைத்த பழைய தொகுதி, பருவ இறுதித் தள்ளுபடியில் கிடைக்கும் புதிய தொகுதியின் விலையை நெருங்கிவிடுவதும் உண்டு.

விற்பவரின் பொறுப்பும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், வணிகர் நுகர்வோருக்குப் பழைய பொருளை விற்றாலும் அதன் குறைகளுக்குக் குறிப்பிட்ட காலம் பொறுப்பேற்க வேண்டும். தனியாள் விற்கும்போது அப்பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள முடியும். ஆயினும் செருமானியக் குடிமைச் சட்டத்தின்படி, தெரிந்தே மறைத்த குறைக்கு இவ்விலக்கு பயன்படாது. ஐக்கிய அமெரிக்காவில், பாதுகாப்புக் காரணத்திற்காகத் திரும்பப் பெறப்பட்ட நுகர்பொருளை விற்பது 2008-ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. இலையுதிர்காலச் சந்தைகளை நடத்துவோர் தலைக்கவசம், அலைபரப்பி, மிகப் பழைய பிணைப்பி ஆகியவற்றை ஏற்க மறுப்பதும் உண்டு.

விற்பவர் தாமாகத் தெரிவிக்க வேண்டியவையாகப் பரவலாக ஏற்கப்பட்ட விவரங்கள் பின்வருவன:

- வாங்கிய ஆண்டும் மாதிரியின் ஆண்டும்
- பயன்படுத்திய நாள்களின் தோராயமான எண்ணிக்கை
- பொருத்தப்பட்ட அடிநீளமும், இதுவரை துளையிட்ட தடவைகளும்
- செய்யப்பட்ட பழுதுபார்ப்புகள், அவற்றின் ஒளிப்படங்கள்
- வாடகைக் கடையிலோ விபத்திலோ பட்டிருப்பின் அச்செய்தி
- தொடர் எண். களவுபோன பொருளா என அறியவும், திரும்பப்பெறும் அறிவிப்புகளைச் சரிபார்க்கவும் இது உதவும்

சூழலியல் பார்வை

பனிச்சறுக்கு மட்டை மரம், உலோகம், கண்ணாடி இழை, கரிம இழை, பிசின், பாலிஎத்திலீன் ஆகியவை இறுக ஒட்டப்பட்ட கலப்புப் பொருளாகும். இவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். எனவே ஒரு மட்டையின் பயன்பாட்டுக் காலத்தை நீட்டிப்பது, அதனை உருக்கி மீளப் பயன்படுத்துவதைவிட எளிய வழியாகும். அதே வேளையில், எல்லாக் கருவிகளையும் இறுதிவரை பயன்படுத்துவது உகந்ததன்று. தேய்ந்த மட்டை மெதுவாகச் சறுக்குவதோடு நின்றுவிடும்; தேய்ந்த அலைபரப்பியின் குறை பனிச்சரிவு நேர்ந்த பின்னரே வெளிப்படும். ஆயுள் முடிந்த அலைபரப்பியையும் அடிபட்ட தலைக்கவசத்தையும் பிறருக்கு விற்காமல் உடைத்து அப்புறப்படுத்துவதே பொறுப்பான செயலாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- பனிச்சறுக்கு
- பனிச்சறுக்கு மலையேற்றம்
- பனிச்சரிவு
- ஆல்ப்ஸ் மலைத்தொடர்
- தகவல் சமச்சீரின்மை
- ஜார்ஜ் அகர்லாஃப்

பகுப்புகள்: பனிச்சறுக்கு | விளையாட்டுக் கருவிகள் | மலையேற்றம் | மறுபயன்பாடு